ஒரு முதியவரின் நாள் எங்கே உடைகிறது?

முதியோர் மனநல வார்டில் வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய மறுபடி வழி ஏற்படுத்தித் தருபவர்), எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவரிடம் "நம்ம ரெண்டு பேருக்கும் தேநீர் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஸ்டெதஸ்கோப் இருக்காது, மருந்துச் சீட்டும் இருக்காது. வழியில் போகிறவர்களுக்கு அது பொழுதுபோக்காகவே தெரியும். ஆனால் அந்த இருபது நிமிடத்தில், இந்த மனிதர் வீட்டுக்குத் திரும்பித் தனியாக இருக்க முடியுமா, எந்த உதவி எந்த நேரத்தில் தேவைப்படும், எதில் கைவைக்காமல் விட வேண்டும் என்பதற்கான முக்கியத் தகவல்கள் கிடைத்துவிடுகின்றன.

தேநீர் போடுவது சின்ன வேலை என்றுதான் நாம் நினைக்கிறோம். அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். செய்ய வேண்டும் என்று தோன்ற வேண்டும். எழுந்து போக வேண்டும். பொருள்கள் எங்கே என்று தேடி எடுக்க வேண்டும். எதற்குப் பின் எது என்ற வரிசை மனதில் நிற்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்வரை எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது மறக்கக்கூடாது. கை நடுங்கினாலும் கொதிநீரைச் சிந்தாமல் ஊற்ற வேண்டும். தவறு நேர்ந்தால் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். கடைசியில், வேலை முடிந்தது என்று தெரிந்து நிறுத்தவும் வேண்டும்.

ஆகவே "அவரால் தேநீர் போட முடியவில்லை" என்ற ஒரே வரிக்குப் பின்னால் வெவ்வேறு கதைகள் இருக்கும். ஆழ்ந்த மனச்சோர்வில் இருப்பவர் தொடங்கவே மாட்டார். "இப்ப எதுக்கு?" என்று நாற்காலியிலேயே இருப்பார். எழுப்பிக் கெட்டிலைக் கையில் கொடுத்துவிட்டால், மெதுவாக, ஆனால் வரிசை தப்பாமல் போட்டு முடித்துவிடுவார். அல்சைமர் நோயின் தொடக்க நிலையில் இருப்பவரோ ஆர்வமாக எழுந்து போவார். தண்ணீர் கொதிக்கும் இடைவெளியில் எதற்கு வந்தோம் என்பது நழுவிவிடும். சர்க்கரை இரண்டு தடவை விழும். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவருக்குப் பொருள்கள் எல்லாம் நினைவிருக்கும், வரிசை மட்டும் குலையும். வெறும் கெட்டிலைச் சூடேற்றுவார். சுட்டிக்காட்டினாலும் "சரியாத்தானே செஞ்சேன்" என்பார். இவர்தான் தனியாக விட முடியாத ஆள். பேச்சில் தெளிவாக இருப்பதால் வீட்டாருக்கு இது கடைசிவரை புரியாமலே போகலாம்.

மறதி நோயின் (டிமென்ஷியா) இன்னொரு வகையான லூயி பாடி நோயில், கோப்பை எங்கே இருக்கிறது என்பதைக் கண் சரியாகக் கணிக்காது. தண்ணீர் கோப்பைக்குப் பக்கத்தில் விழும். அதே மனிதர் சில மணி நேரம் கழித்து எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் அதே வேலையைச் செய்யவும் கூடும், ஏனென்றால் தெளிவு ஏறி இறங்குவது அந்த நோயின் இயல்பு. பதற்றக் கோளாறு உள்ளவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துகொண்டே ஒவ்வொரு அடியிலும் திரும்பி முகத்தைப் பார்ப்பார். டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பத்தில் இருப்பவரின் கவனம் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் நிற்காது. நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று இப்படி இருந்தால் மதிப்பீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தொற்றோ, புதிதாகச் சேர்ந்த மருந்தோ, நீர்ச்சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். இன்னொருவருக்கு இவற்றில் எதுவுமே இல்லை என்று கடைசியில் தெரியவரும். சொன்னது அவர் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது மருத்துவரின் வேலை. செயல் எந்தப் படியில் உடைகிறது, அங்கே எதை வைத்தால் அது மறுபடி ஓடும் என்று கண்டுபிடிப்பது ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. மனச்சோர்வுக்காரருக்குத் தேவை தொடக்கத்தில் ஒரு கை. அல்சைமர் நோயாளிக்குக் கண்ணெதிரே பொருள்கள் வரிசையாக இருந்தால் போதும். முன்பகுதி பாதிப்புக்குத் தானாக அணையும் கெட்டிலும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். மூவருக்கும் சேர்த்து "உதவி தேவை" என்று அறிக்கையில் எழுதினால் அதனால் ஒருவருக்கும் பயனில்லை.

மதிப்பெண் தரும் சோதனைகள் நிறைய இருக்கின்றன. 1975-இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005-இல் வந்த மோகா, இரண்டுமே 30 மதிப்பெண்ணுக்கு. தேதி கேட்பார்கள், சில சொற்களைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்வார்கள், படம் வரையச் சொல்வார்கள். நினைவாற்றல் குறைபாட்டை முதலில் அடையாளம் காண அவை தேவைதான். ஆனால் ஒரே மதிப்பெண் எடுத்த இருவரில் ஒருவர் தன் வீட்டில் தானே சமைத்துக்கொண்டு இருப்பார், மற்றவருக்குச் சட்டை மாட்டவே ஆள் வேண்டியிருக்கும். பள்ளிப் படிப்பு, மொழி, பார்வை, அன்றைய தூக்கம் எல்லாமே அந்த எண்ணுக்குள் கலந்திருக்கின்றன. அதனால்தான் எங்கள் துறை செயலை நேரடியாகப் பார்த்து அளக்கும் கருவிகளை உருவாக்கிக்கொண்டது. ஏ.எம்.பி.எஸ். என்ற மதிப்பீட்டில் ஒருவர் தனக்குப் பழக்கமான வேலைகளைச் செய்வார். பார்ப்பவர் 16 உடலியக்கத் திறன்களையும் 20 செயல்முறைத் திறன்களையும் தனித்தனியாகக் குறிப்பார். எட்டி எடுப்பது, பிடிப்பது முதல் அடுத்த படிக்கு நகர்வது, பிழையைக் கவனிப்பதுவரை எல்லாம் அதில் வரும்.

வார்டு சமையலறையில் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத சமையலறையில் என்னை விட்டால் நானும் தடுமாறுவேன். நாற்பது வருடம் ஒரே அடுப்படியில் நின்றவரின் கைகளுக்கு அந்த இடமே நினைவாக இருந்து உதவுகிறது. இடம் மாறியதும் அந்த உதவி போய்விடுகிறது. எதிர்ப்பக்கமும் நடக்கும்: வார்டின் ஒழுங்கான நேர அட்டவணையில் அழகாக இயங்குபவர், வீட்டில் அந்தச் சட்டகம் இல்லாததால் இரண்டே நாளில் மருந்தையும் சாப்பாட்டையும் விட்டுவிடுவார். எனவே வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு மாற்றாக எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

வீட்டில் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. மருந்துப் பட்டைகளில் எத்தனை மாத்திரை மீதி. பிரிக்காத கடிதங்கள் எவ்வளவு. ஃபிரிட்ஜில் ஒரே பொருள் நாலைந்து தடவை வாங்கி வைத்திருக்கிறதா. இரவில் படுக்கையிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் எப்படி. இந்த வெளிச்ச விஷயத்தை யாரும் போதுமான அளவுக்குப் பொருட்படுத்துவதில்லை. இருபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போகிறது. கண்ணின் பாவை சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சளித்துவிடுகிறது. இதோடு மறதி நோயும் சேர்ந்தால் தரையில் கிடக்கும் கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், அதைத் தாண்ட மறுப்பார். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைக் கழிப்பறை இருக்கை கண்ணில் படாமலே போகும். இருட்டிய பிறகு ஜன்னல் கண்ணாடியில் தெரியும் தன் உருவமே அந்நியன் வீட்டுக்குள் வந்த பயத்தைத் தரும். இருக்கையை வேறு நிறத்தில் மாற்றுவதும், மிதியடியை எடுப்பதும், திரையை இழுத்துவிடுவதும் மிக எளிய வேலைகள். "அடம் பிடிக்கிறார்", "ஏதேதோ பார்க்கிறார்" என்று குறிப்பில் ஏறியிருந்த சில நடத்தைகள் அதோடு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

முதுமையில் வரும் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கோபம் வராமல் இருப்பதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருப்பாங்க" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ பேருக்குச் சிகிச்சை கிடைக்காமல் செய்திருக்கிறது. மனச்சோர்வு முதுமையின் இயல்பான பகுதி கிடையாது. சில முதியவர்களிடம் அது அழுகையாக வராது. உடம்பு வலி, பசியின்மை, தூக்கமின்மை, மறதி என்று வரும். அந்த மறதியை நோயாளியே பெரிதுபடுத்திச் சொல்வார், கேள்விக்கெல்லாம் "தெரியலை" என்பார். அல்சைமர் நோயாளி பெரும்பாலும் மறதியை மறைக்கவே பார்ப்பார். இந்த வித்தியாசம் செயலைப் பார்க்கும்போது இன்னும் துலக்கமாகத் தெரியும்.

மருந்து பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த மனிதரின் நாள் என்ன ஆகிறது? காலையில் எழ மனமில்லை, அதனால் குளியல் தள்ளிப்போகிறது, அதனால் வெளியே போகவில்லை, யாரையும் பார்க்கவில்லை. பார்க்காததால் தன்னை யாருக்கும் வேண்டாம் என்ற எண்ணம் உறுதியாகிறது. இந்தச் சுழலை மனநிலை திரும்பும்வரை காத்திருந்து உடைக்க முடியாது. "ஆசை வந்ததும் செய்யட்டும்" என்று விட்டால் ஆசை வராது. செய்தபின்தான் ஆசை துளிர்க்கிறது. ஆகவே செயலை அவரால் தோற்கவே முடியாத அளவுக்குச் சிறியதாக உடைத்துத் தருகிறோம். சட்டை மாட்டுவதில் எல்லாவற்றையும் செவிலியர் செய்துவிட்டுக் கடைசிப் பொத்தானை மட்டும் அவருக்கு விடுவார். அடுத்த முறை கடைசி இரண்டு பொத்தான்கள். பின்னிருந்து முன்னோக்கிப் போவதில் ஒரு காரணம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவர் அவராகவே இருப்பார்.

எந்த வேலையைத் தருவது என்பதில்தான் எங்கள் துறையிலேயே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மதியம் மூன்று மணிக்கு எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பந்தைத் தூக்கிப் போடச் சொல்வதும், முப்பது வருடம் கணக்கு அலுவலகம் நடத்தியவர் கையில் குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தைத் திணிப்பதும் பல இடங்களில் நடக்கிறது. அவர் அதை ஒதுக்கித் தள்ளினால் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். என் பார்வையில் அந்த மறுப்பு ஆரோக்கியமான அறிகுறி. தான் யார் என்பது அவருக்கு இன்னும் தெரிகிறது.

வெறுமனே பொழுதைப் போக்குவதற்கும் சிகிச்சைக்கும் உள்ள தூரத்தை அளந்து காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1997-இல் வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலஸில் பிறரைச் சாராமல் வாழ்ந்த 361 முதியவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒன்பது மாதம் வழிகாட்டி, அவரவர் நாளை அவரவரே ஆராய்ந்து மாற்றிக்கொள்ளச் செய்தார். இன்னொரு குழு ஒன்றுகூடிக் கைவேலை, விளையாட்டு, உலா என்று பொழுதைக் கழித்தது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. முதல் குழுவுக்கு உடல்நலம், மனநலம், வாழ்க்கைத் திருப்தி ஆகியவற்றில் பலன் தெரிந்தது. கூடிப் பொழுது கழித்த குழுவுக்கும் எதுவும் பெறாத குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. முதியவர்களைச் "சும்மா பிஸியாக" வைத்திருந்தால் போதும் என்று நினைக்கும் ஒவ்வொரு நிர்வாகியும் இந்த முடிவைப் படிக்க வேண்டும்.

இந்தத் துறை பிறந்ததே மனநலச் சிகிச்சையை ஒட்டித்தான். 1917-இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் டன்டன் என்ற மனநல மருத்துவர். இன்னொருவர் எலினர் கிளார்க் ஸ்லேகில். நாள்பட்ட மனநோயாளிகளுக்கு விழிப்பு முதல் உறக்கம்வரை நாளை ஒழுங்குபடுத்தும் பழக்கப் பயிற்சியை உருவாக்கியவர் அவர். 1922-இல் மனநல மருத்துவர் அடால்ஃப் மேயர், வேலை, விளையாட்டு, ஓய்வு, உறக்கம் இவற்றின் தாளம் குலைவதை மனநோயின் மையமாகவே வைத்து எழுதினார். 1980-இல் கேரி கீல்ஹோஃப்னர் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ஒருவரின் விருப்பம், பழக்கமும் பொறுப்புகளும், செய்திறன், சுற்றுச்சூழல் என்ற நான்கையும் அது சேர்த்துப் பார்க்கிறது. முதியவர்களிடம் அதில் பழக்கமும் பொறுப்பும்தான் கனமானவை என்பது என் அனுபவம். பணி ஓய்வு, துணையின் மரணம், பிள்ளைகள் தூரமாகப் போவது என்று பொறுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்ட பிறகு மிஞ்சுவது "நோயாளி" என்ற ஒரே பாத்திரம். அதை மட்டும் ஒருவர் முழுநேரமும் சுமக்க முடியாது.

மறதி நோய்க்கு வருவோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021-இல் சுமார் 5.7 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தார்கள். ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு நெருக்கமானவர்கள் புதிதாகச் சேர்கிறார்கள். 60 முதல் 70 சதவீதம் அல்சைமர் வகையாக இருக்கலாம். நோயின் போக்கைத் திருப்பும் மருந்து இல்லாத நிலையில், மிச்சமிருக்கும் திறனைக் காப்பாற்றுவது பெரிய வேலை. இங்கே நமக்குத் துணையாக இருப்பது கைகளின் நினைவு. காலையில் சாப்பிட்டதை மறந்தவருக்கும் துணி மடிக்கத் தெரியும், முகம் மழிக்கத் தெரியும், பழகிய வாத்தியத்தை வாசிக்கத் தெரியும். செய்முறையைச் சேமிக்கும் நினைவு வேறு பாதையில் ஓடுவதால் அல்சைமரில் அது நீண்ட காலம் தாங்குகிறது. "எப்படிச் செய்வீங்க, சொல்லுங்க" என்று கேட்டால் விழிப்பார். பொருளைக் கையில் வைத்தால் செய்துவிடுவார்.

உதவி செய்வதிலும் படிகள் இருக்கின்றன, அவற்றைக் கீழிருந்து ஏற வேண்டும். முதலில் பேசாமல் காத்திருப்பது. பிறகு பொருளைச் சுட்டுவது. பிறகு ஒரே ஒரு சின்ன வாக்கியம். பிறகு செய்து காட்டுவது. கடைசியாகத்தான் கையைப் பிடித்துச் செய்விப்பது. நாம் பெரும்பாலும் உச்சிப் படியிலிருந்தே தொடங்குகிறோம், அதுவும் அன்பினால். மகளுக்கு அலுவலகம் போக நேரமாகிறது. அப்பா சட்டை மாட்ட எடுக்கும் பதினைந்து நிமிடத்தை அவள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். ஆறு மாதத்தில் அப்பாவுக்குச் சட்டை மாட்டத் தெரியாமல் போகிறது. இதில் நோய் பறித்தது எவ்வளவு, உதவி பறித்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். அந்த மகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எல்லா வேலையையும் அவர் செய்ய வேண்டும் என்பதில்லை, எது அவருக்கு முக்கியமோ அதை மட்டும் மீட்டுக்கொள்ளலாம் என்று அவளோடு சேர்ந்து தேர்ந்தெடுப்போம். சட்டையை மகளே மாட்டிவிடட்டும், முகம் மழிப்பது அப்பாவுடையதாக இருக்கட்டும்.

வீட்டுக்கே போய் நோயாளிக்கும் பராமரிப்பவருக்கும் சேர்த்துப் பயிற்சி தரும் முறைக்கு நெதர்லாந்தில் மோட் கிராஃப் குழுவினர் 2006-இல் வலுவான சான்று வெளியிட்டார்கள். 135 ஜோடிகள், ஐந்து வாரத்தில் பத்து அமர்வுகள். நோயாளிகளின் அன்றாடச் செயல்பாடு மேம்பட்டது, பராமரிப்பவர்களின் தன்னம்பிக்கையும் கூடியது. ஆனால் அதே முறையைப் பிரிட்டனுக்கு ஏற்ப மாற்றி இன்னும் பெரிய அளவில் சோதித்து 2021-இல் வெளியிட்டபோது, வழக்கமான பராமரிப்பைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை மறைத்துவிட்டு முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையாகாது. ஒரு நாட்டில், ஒரு குழுவின் கையில் பலன் தந்ததை அச்சாக எடுத்து இன்னோர் இடத்தில் ஒட்டினால் அதே பலன் வரும் என்று நம்ப முடியாது என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது.

குளியலறையில் கத்துகிறார், அடிக்க வருகிறார் என்று அழைப்பு வரும்போது பலரும் முதலில் கேட்பது அமைதிப்படுத்தும் மருந்தைத்தான். மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்து ஆணையம் 2005-இலேயே எச்சரித்தது. தவிர்க்கவே முடியாத சூழல்கள் உண்டு, மறுக்கவில்லை. அதற்கு முன் ஒரு தடவை அந்தக் குளியலை உடனிருந்து பார்க்க வேண்டும். அறை குளிராக இருக்கும். ஷவரின் நீர் எதிர்பாராமல் முகத்தில் அடிக்கும். யாரென்று தெரியாத ஒருவர் துணியைக் களைவார். அவர் இடத்தில் நாம் இருந்தாலும் கத்துவோம். தோளில் ஒரு துண்டைப் போர்த்தியபடி, காலிலிருந்து தொடங்கி, கைக்குழாயை அவரிடமே கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே அடங்கும். மாலையில் "வீட்டுக்குப் போகணும்" என்று கதவருகே நிற்பவரிடம், அந்த நேரத்தில் அவர் வாழ்நாளெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தார் என்று விசாரித்தால் பல சமயம் விடை கிடைக்கும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் நேரமாக இருந்திருக்கும்.

இந்த வேலையில் என்னைத் தூங்கவிடாத பகுதி ஆபத்தைப் பற்றிய முடிவுகள். "தனியாகச் சமைப்பது பாதுகாப்பானதல்ல" என்று நான் எழுதும் ஒரு வரி, ஒருவர் தன் வீட்டுக்குத் திரும்புவதா, காப்பகத்துக்குப் போவதா என்பதைத் தீர்மானித்துவிடக்கூடும். கூட்டத்தில் எல்லாருக்கும் பாதுகாப்பு என்ற சொல் எளிதாக வருகிறது, ஏனென்றால் விபத்து நடந்தால் பெயர் எழுதிக் கேள்வி கேட்பார்கள். ஒருவர் காப்பகத்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விட்டுவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை. அதுவும் தீங்குதான். ஆகவே "அடுப்பைத் தொடலாமா கூடாதா" என்ற கேள்வியை நான் உடைக்கப் பார்ப்பேன். தீயில்லாமல் செய்யக்கூடியவை என்ன? தானாக அணையும் அடுப்பு பொருத்த முடியுமா? பகலில் ஆள் இருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் சமையலை நகர்த்த முடியுமா? முக்கியமாக, ஆபத்து இன்னதென்று விளக்கினால் புரிந்துகொண்டு தேர்வு செய்யும் நிலையில் அவர் இருக்கிறாரா? இருந்தால், அந்தத் தேர்வு எனக்குப் பிடிக்காவிட்டாலும் அவருடையது.

இங்கே முன்னேற்றம் என்பதன் அளவுகோலும் வேறு. குணமாகாத நோயில், போன மாதம் செய்ததை இந்த மாதமும் செய்வதே சில நேரம் நல்ல முடிவு. அதை அறிக்கையின் கட்டத்துக்குள் நிரப்புவது சிரமம். புதிதாகச் சேரும் இளம் தெரபிஸ்டுகள் இதில் சோர்ந்துபோவார்கள், பழகிய நோயாளிகளின் மரணமும் சேர்ந்துகொள்ளும். மூத்தவர் ஒருவர் தவறாமல் உட்கார்ந்து பேசும் ஏற்பாடு உள்ள குழுக்களில்தான் ஆட்கள் நிலைக்கிறார்கள்.

வீட்டில் முதியவர் ஒருவர் மனநலச் சிகிச்சையில் இருந்தால், வீட்டுக்கு அனுப்பும் தேதி குறித்த பிறகு ஆக்குபேஷனல் தெரபிஸ்டைத் தேட வேண்டாம். சேர்த்த முதல் வாரத்திலேயே கேளுங்கள். வீட்டில் மாற்றங்கள் செய்யவும், பார்த்துக்கொள்பவர் கற்றுக்கொள்ளவும் நாள் பிடிக்கும். முதல் சந்திப்புக்கு வரும்போது மருந்துப் பட்டியலோடு வேறு சில தகவல்களையும் கொண்டுவாருங்கள். அவர் முன்பெல்லாம் எத்தனை மணிக்கு எழுவார், எந்தக் கையால் எழுதுவார், என்ன வேலை பார்த்தார், எதில் தன்னை யாரும் மிஞ்ச முடியாது என்று பெருமைப்படுவார், எந்த வேலையை நோய்க்கு முன்பே வெறுத்தார். மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் பேட்டரியோடு பையில் இருக்கட்டும்.